ஆன் சேரின் பேட்டிக் குறிப்புகளைத் தேடிப் போவதில் பயன் உண்டா?

வெண்ணிலா_திருச்சி:
எல்லோருக்கும் வணக்கம். டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டறிய உதவிய எக்ஸ்ரே படங்களை எடுத்த ஆங்கிலேய விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளினைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1975ல் ஆன் சேர் எழுதிய வாழ்க்கை வரலாறு, 2002ல் பிரெண்டா மேடாக்ஸ் எழுதியது, இரண்டையும் படித்தாயிற்று. மேடாக்ஸின் குறிப்புப் பக்கங்களைப் புரட்டினால் ஆன் சேர் சேகரிப்பு என்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. சேர் 1970ல் அந்த டிஎன்ஏ ஆய்வுகளில் இருந்த வில்கின்ஸ், கிரிக், காஸ்லிங் போன்றவர்களை நேரில் பார்த்துப் பேசி எழுதிவைத்த குறிப்புகளும், அவருக்கு வந்த கடிதங்களும்தான் அது. இப்போது அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் ஆவணங்களோடு மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் இருக்கிறது. புத்தகமே வந்துவிட்ட பிறகு அதற்குச் சேர்த்த காகிதங்களைத் தேடுவதில் என்ன கிடைக்கும்? அதோடு சேர் பிராங்க்ளினின் நெருங்கிய தோழி வேறு. குறிப்புகளும் ஒரு பக்கமாகத்தானே சாய்ந்திருக்கும்?

பழங்காகிதம்:
கண்டிப்பாகத் தேடுங்கள். புத்தகத்தில் இருப்பது சேர் எடுத்துக்கொண்டது மட்டும்தான், அவரிடம் சொல்லப்பட்டது முழுவதும் காகிதங்களில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கிரிக்கோடு சேர்ந்து டிஎன்ஏயின் இரட்டை இழை மாதிரியை உருவாக்கிய வாட்சன் 1968ல் தன் நூலில் பிராங்க்ளினை ‘ரோஸி’ என்று எழுதி, சிடுசிடுப்பான, ஒத்துப்போகாத பெண்ணாகக் காட்டியிருந்தார். அதைப் படித்துக் கொதித்துப்போய்த்தான் சேர் எழுதவே உட்கார்ந்தார், அந்தக் கோபம் புத்தகம் முழுக்கத் தெரியும். அவர் சிறுகதை எழுதுபவர், கணவர் டேவிட் சேர் படிகவியலாளர் (எக்ஸ்ரே கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்பவர்), அதனால் அந்தத் துறை ஆட்களிடம் போய்ப் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. காலத்தையும் பாருங்கள். டிஎன்ஏ வேலை நடந்தது 1951 முதல் 1953 வரை. சேர் கேட்டபோது பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது. பிராங்க்ளின் வேலை பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வுப் பிரிவின் தலைவர் ராண்டல் 1984ல் இறந்துவிட்டார், மேடாக்ஸ் எழுத வந்தபோது பிராங்க்ளினின் அம்மாவும் இல்லை. அந்தக் குரல்களுக்கு இனி இந்தக் காகிதங்களை விட்டால் வேறு வழி கிடையாது.

குமரன் இயற்பியல்:
மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தோழர் ஒன்றை விட்டுவிட்டார். சேர் எழுதியதில் சில விஷயங்கள் பின்னால் பலமாக மறுக்கப்பட்டன. கிங்ஸில் பெண் விஞ்ஞானிகள் அரிது என்பதுபோல அவர் எழுதியதை அறிவியல் வரலாறு எழுதிய ஹொரேஸ் ஜட்சன் ஆள் கணக்கு எடுத்து மறுத்தார், அந்தப் பிரிவில் பெண்கள் கணிசமாகவே இருந்தார்கள். அப்பா மகளின் படிப்புக்குத் தடையாக இருந்தார் என்று சேர் சொன்னதைத் தங்கை ஜெனிஃபர் கிளின் ஏற்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில்தான் பேட்டிக் குறிப்பு கைகொடுக்கும். யார் சொல்லி இது வந்தது, சொன்னவர் அழுத்திச் சொன்னாரா, இல்லை சேர் கேட்ட கேள்வியே அந்தப் பதிலை இழுத்துக்கொண்டு வந்ததா என்று பார்க்கலாம்.

ஆனாலும் வருடங்கள் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை அந்தந்த நாளில் எழுதிய காகிதத்தோடு ஒப்பிடாமல் எழுதிவிடாதீர்கள் வெண்ணிலா. பிராங்க்ளினின் ஆய்வகக் குறிப்பேடுகள் கேம்பிரிட்ஜில் சர்ச்சில் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவருடைய கடைசி வருடங்களில் கூடவே வேலை பார்த்த ஆரன் குளூக் அவற்றை வரி வரியாகப் படித்து 1968லேயே எழுதினார்: 1953 பிப்ரவரி 24க்குள் டிஎன்ஏயின் ஏ (உலர்ந்தது), பி (ஈரமானது) வடிவங்கள் இரண்டுமே இரட்டை இழை என்கிற இடத்துக்கு பிராங்க்ளின் தனியாகவே வந்துவிட்டார். மார்ச் 17 தேதியிட்ட அவருடைய கட்டுரை வரைவு ஒன்றும் பிறகு கிடைத்தது. வாட்சன், கிரிக் எழுதிய கட்டுரையின் பிரதி கிங்ஸுக்கு வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள்! எத்தனை பேட்டி எடுத்தாலும் இந்தத் தேதி கிடைத்திருக்காது. புகைப்படம் 51 என்ற டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை பிராங்க்ளினுக்குத் தெரியாமல் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டிய கதையையே எல்லோரும் சொல்லிச் சொல்லி, இந்தக் குறிப்பேடுகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

மீனா ஆவணம்:
ஒருபோதும் அச்சாகாத காகிதத்தையும் தள்ளிவிடாதீர்கள். 1953ல் டைம் பத்திரிகைக்காக ஜோன் புரூஸ் என்ற செய்தியாளர் ஒரு கட்டுரை எழுதி, சரிபார்த்துத் தரச் சொல்லி பிராங்க்ளினுக்கு அனுப்பினார். கட்டுரை வெளிவரவே இல்லை. வரைவு மட்டும் பிராங்க்ளினின் காகிதங்களோடு கிடந்தது. அதை மேத்யூ காப், நத்தானியேல் கம்ஃபர்ட் இருவரும் எடுத்து 2023ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த வரைவில் பிராங்க்ளின் ஏமாற்றப்பட்டவராக வருவதில்லை. கிங்ஸிலும் கேம்பிரிட்ஜிலும் இரண்டு குழுக்கள், ஒன்றின் வேலையை மற்றது சரிபார்த்துக்கொண்டே போவதாக வருகிறது. பரிதாபத்துக்குரியவர் என்பதைவிட, வாட்சன், கிரிக், வில்கின்ஸோடு நாலு பேரில் சமமான ஒருவர் என்ற படம்தான் அவருக்கு அதிக மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் நடைமுறை விஷயம். ஆவணக் காப்பகங்கள் பெட்டிவாரியாகப் பட்டியல் வைத்திருக்கும், எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். கடிதத்தை அப்படியே மேற்கோள் காட்டுவதாக இருந்தால் கவனம், பதிப்புரிமை கடிதத்தை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, கடிதம் யாருக்கு வந்ததோ அவருக்குக் கிடையாது. உங்கள் வார்த்தையில் சாரத்தைச் சொன்னால் சிக்கல் இல்லை.

வெண்ணிலா_திருச்சி:
மூவருக்கும் நன்றி. அப்படியென்றால் முதலில் குளூக்கின் கட்டுரை, பிறகு காஸ்லிங் பேட்டிக் குறிப்புக்கு மட்டும் பால்டிமோருக்கு எழுதிக் கேட்கிறேன். ஜட்சனின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியுமா?

பழங்காகிதம்:
பிலடெல்பியாவில், அமெரிக்கத் தத்துவக் கழகத்தில். அவர் பலரையும் சந்தித்துப் பேசித்தான் டிஎன்ஏ கண்டுபிடிப்பின் கதை வரும் தன் நூலை எழுதினார், 1979ல் வந்தது. காஸ்லிங்கைக் கேட்பது நல்ல யோசனை, புகைப்படம் 51ஐ 1952 மே மாதம் பிராங்க்ளினோடு சேர்ந்து எடுத்த ஆராய்ச்சி மாணவர் அவர்தான்.