இரண்டுக்கும் ‘சரிபார்ப்பு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கோலார் தக்காளி நோய் அறிவுரை மென்பொருளின் கையேட்டு வரைவில் வெரிஃபிகேஷன், வேலிடேஷன் இரண்டுமே ‘சரிபார்ப்பு’ என்று வந்திருக்கின்றன. வல்லுநர் அறிவை ‘இது இருந்தால் இது’ என்ற விதிகளாக வைத்து முடிவு சொல்லும் அறிவுசார் அமைப்புகளில் இவை ஒன்றல்ல.

முதலாவதான வெரிஃபிகேஷன், விதிகள் தமக்குள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று விதித்தொகுப்புக்குள்ளேயே பார்ப்பது. ‘இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் முன் இலைக்கருகல் நோய், உறுதி 0.6 (முழு உறுதி 1)’ என்று ஒரு விதி. ‘அடியிலையில் அதே வளையப் புள்ளி இருந்தால் முன் இலைக்கருகல், 0.6’ என்று இன்னொருவர் எழுதிய விதி. இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியதுதான். ஆனாலும் இரண்டுமே இயங்கும். மைசின் என்ற பழைய மருத்துவ அறிவுசார் மென்பொருளின் முறைப்படி கூட்டினால் 0.6 + 0.6 × (1 − 0.6) = 0.84. ஒரே புள்ளியை இருமுறை எண்ணியதால் சந்தேகம் முடிவாகிவிட்டது! இதைப் பிடிக்கத் தக்காளியைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை, விதிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் போதும். 500 விதிகளுக்கு 1,24,750 இணைகள், கணினியிடம் விட்டுவிடலாம். விதிகளுக்கிடையே முரண், தொடங்கிய விதிக்கே திரும்பி வரும் சுழல், ஒருபோதும் இயங்க வழியில்லாத எட்டாத விதி எல்லாம், தக்காளியைத் தெரியாமலே பிடிக்கக்கூடிய இந்த வகையே. இதற்குச் ‘சரிபார்ப்பு’ இருக்கட்டும்.

இரண்டாவதான வேலிடேஷன், மென்பொருள் சொல்லும் முடிவு உண்மையில் சரியா என்று வெளியே ஒப்பிட்டுப் பார்ப்பது. அதற்கு ‘தகவுச் சோதனை’ எனலாமா?

மறுமொழி:

ஐயா, வேண்டாம். இயற்பியலில் ‘பாய்சான் தகவு’ படித்தவர்களுக்குத் தகவு என்றால் விகிதம். ‘ஏற்புச் சோதனை’யும் ஆகாது, அது வாடிக்கையாளர் மென்பொருளைப் பெறும்போது செய்வது. ‘பொருத்தாய்வு’ என் பரிந்துரை. பொருத்தம் பார்ப்பதென்றால் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என்று யாருக்கும் விளங்கும். 1979-இல் வெளியான மைசின் ஆய்வில் அதைத்தானே செய்தார்கள்? மூளையுறை அழற்சி நோயாளிகள் 10 பேருக்கு மைசினும் மருத்துவர்களும் சொன்ன சிகிச்சைகளை, எது யாருடையது என்பதை மறைத்து, 8 வல்லுநர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள்.

மறுமொழி:

‘பொருத்தாய்வு’ எனக்குச் சம்மதம், அம்மா. ஆனால் எதனோடு பொருத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வல்லுநர் கருத்தோடு ஒப்பிட்டால் ‘வல்லுநர்ப் பொருத்தாய்வு’, ஆய்வகத்தில் நோய்க்குக் காரணமான பூஞ்சையை உறுதிசெய்து ஒப்பிட்டால் ‘விளைவுப் பொருத்தாய்வு’. வல்லுநர்களே தமக்குள் மாறுபடுவதுண்டு. முதலில் அவர்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை என்று அளக்காமல் மென்பொருளைக் குறைசொல்ல முடியாது.

கலைச்சொல் பட்டியலில் விளக்கத்தோடு இதையும் சேர்க்க வேண்டுகிறேன்: ஒவ்வொரு விதி சேரும்போதும் சரிபார்ப்பு, பொருத்தாய்வுக்கு, விதி எழுதியவர் கண்ணில் படாத வயல் பதிவுகள் மட்டும். ஒரு பதிவைப் பார்த்து விதியைத் திருத்திவிட்டால், அந்தப் பதிவு மறுமுறை பொருத்தாய்வுக்கு உதவாது.