எல்லோரும் ஒன்றுபோல் இருக்கும் உலகத்தில் ஒருவனை மட்டும் எப்படித் தனியாகக் காட்டுவது? (டிஸ்டோபியா குறுநாவல்)

கரிக்கோல் கேட்டது:

டிஸ்டோபியா (மக்களை நசுக்கும் கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதை) குறுநாவல், தட்டச்சில் 80 பக்கம். ஒரே உடை, ஒரே முடிவெட்டு, பெயருக்குப் பதில் எண், மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். படித்துப் பார்த்தவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். முதல் 15 பக்கம் விதிமுறைப் புத்தகம் மாதிரி இருக்கிறதாம். அதைவிடப் பெரிய குறை, நாயகன் 702 ஏன் முரண்டு பிடிக்கிறான் என்றே புரியவில்லையாம். "அவன் மற்றவர்களைப் போல இல்லை" என்று எழுதியிருக்கிறது, அதனால் நம்ப வேண்டியிருக்கிறது என்கிறார்கள். பிறவியிலேயே விசேஷமானவன், ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்கிற வழிக்குப் போக விருப்பமில்லை.

முதல் அத்தியாயத்தில் சாப்பாட்டுக் கூடக் காட்சி ஒன்று வருகிறது. அங்கே யாரும் தன் டம்ளரில் தானே தண்ணீர் ஊற்றக் கூடாது; வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் ஊற்ற வேண்டும். 702 தானே ஊற்றிக் குடிக்கிறான், காவலர்கள் வந்து இழுத்துப் போகிறார்கள். அவன் தனி ஆள் என்று காட்ட இது போதாதா?

மேசைவிளக்கு பதில்:

தண்ணீர் விதி அருமையான விதி. வெளியிலிருந்து பார்த்தால் மரியாதை மாதிரியே இருக்கிறது, அதுதான் அதன் பலம். காட்சியைக் கெடுப்பது காவலர்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் இது இரண்டு கட்சிச் சண்டையாகிவிடுகிறது: இந்தப் பக்கம் நல்லவன், அந்தப் பக்கம் பூட்ஸ். கூடத்தில் இருக்கும் மற்ற 200 பேரும் மேசை நாற்காலிக்குச் சமம் ஆகிவிடுகிறார்கள். கட்டாய ஒருமையை, அதாவது எல்லோரும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும் என்பதை, நடத்துவதே அந்த 200 பேர்தான்.

ஒவ்வொரு விதிக்கும் நான்கு கேள்வி கேட்டு, பதிலைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். மீறினால் முதலில் யார் கண்ணில் படும்? எவ்வளவு நேரத்தில்? முதல் தண்டனை என்ன (கடைசித் தண்டனை அல்ல)? பார்த்தவர் சொல்லாமல் விட்டால் அவருக்கு என்ன ஆகும்? பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் நான்காவதற்குப் பதிலே இருக்காது. அந்தப் பதில் இல்லாத விதி அறிவிப்புப் பலகையில் தொங்குமே தவிர, கதைக்குள் இறங்காது. இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். அதிலிருந்து ஒரு வரிகூட நேரே கதைக்குப் போகக் கூடாது. உங்கள் 15 பக்கத்தில் பாதி இந்தத் தாளில் இருந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

தண்ணீருக்குப் பதில் இப்படி இருக்கட்டும்: ஒருவன் தானே ஊற்றினால், ஊற்றத் தவறிய வலப்பக்கத்தவரின் ஒரு நாள் ரேஷன் போகும். இப்போது காட்சியைப் பாருங்கள்.

"702 ஜாடியை எடுத்தான். டம்ளர் பாதி நிறைவதற்குள் 688 அவன் கையிலிருந்து ஜாடியைப் பிடுங்கி, தானே ஊற்றுவதுபோல் ஊற்றினாள். நிறைந்து வழிந்தது. மேசை நனைந்து எதிரில் இருந்தவரின் ரொட்டி வரை ஓடியது. எதிரில் இருந்தவர் ரொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். 'தாகமா?' என்றாள் 688, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. 'முதலிலேயே சொல்லக் கூடாதா.'"

ஒரு காவலர்கூட வரவில்லை, ஒரு விதிகூடச் சொல்லவில்லை. ஆனால் என்ன விதி, மீறினால் யாருக்கு நஷ்டம், எதிரில் இருப்பவர் ஏன் கூரையைப் பார்க்கிறார், எல்லாம் வந்துவிட்டது. 688 அவனைக் காப்பாற்றினாளா, தன் ரேஷனைக் காப்பாற்றினாளா என்று அவனுக்கே தெரியாது. அந்தச் சந்தேகம் 30 பக்கத்துக்குத் தீனி.

இரண்டாவது குறைக்கும் மருந்து 688-தான். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட கோட்டுச் சோதனையை இந்த வகைக் கதை எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டும். மூன்று கோடுகளில் எது முதல் அட்டையில் உள்ள கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. அறையில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஏற்கெனவே பேசிவைத்த ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்றில் அவர்கள் கூசாமல் தவறான பதிலைச் சொல்வார்கள். நான்கு பேருக்கு மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள்.

கதைக்கு உதவுவது அதற்கு அடுத்த சோதனைகள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் இந்தப் பணிதல் கால்வாசியாகக் குறைந்தது. அந்தத் துணை ஆள் பாதியில் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டால், பணிதல் பழைய அளவுக்கே ஏறியது. ஆனால் அவர் ஏதோ வேலை என்று அறையைவிட்டு வெளியே போய்விட்டால், ஏறினாலும் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதாவது காணாமல்போன தோழர் விட்டுச்சென்ற தைரியம் கொஞ்ச நாள் தாங்கும்; கட்சி மாறிய தோழர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். 688-ஐ என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். 702-இன் தனித்தன்மை அவன் ரத்தத்தில் இருக்க வேண்டியதில்லை, அவனுக்கு வலப்பக்க நாற்காலியில் இருந்தால் போதும்.

பின்னட்டை பதில்:

மேசைவிளக்கு சொன்னதில் ஒரு திருத்தம். அதே சோதனையில், கூட்டம் தவறாகச் சொன்ன அந்த 12 சுற்றிலும் வந்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரியாகத்தான் வந்தது. "மனிதர்கள் ஆட்டு மந்தை" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 200 பேரும் மனதாரக் கீழ்ப்படிகிற கூடத்தை எழுதினால் அது பொம்மைக் கடை. ஒவ்வொருவரும் எங்கோ கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள், தான் மட்டுமே ஏமாற்றுவதாக ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள் என்று வைத்தால் கூடம் உயிர் பெறும்.

பதிலை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் பணிதல் நன்றாகவே குறைந்தது. இந்த வகைக் கதைகளில் ஏன் இத்தனை நாட்குறிப்புகள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாட்டினின் 'We' நாவலில் டி-503 எழுதுகிறான், ஆர்வெல்லின் '1984' நாவலில் வின்ஸ்டன் எழுதுகிறான். இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, கவனியுங்கள். டி-503 அரசைப் புகழ்வதற்காக எழுத ஆரம்பிக்கிறான்; எழுத எழுதத்தான் தடம் புரள்கிறான். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். எதிர்ப்பாளன் என்ற அட்டையோடு உள்ளே வருகிறவனுக்கு நகர இடமில்லை.

'விசேஷப் பிறவி' வேண்டாம் என்ற முடிவு சரி. ஆனால் "வித்தியாசமானவன்" வேறு, "தனி ஆள்" வேறு. ஹக்ஸ்லியின் 1932 நாவலான 'Brave New World'-இல் பெர்னார்ட் தன் வகுப்புக்கு விதித்த உயரத்தைவிட 8 சென்டிமீட்டர் குட்டை. அதனால் ஒதுக்கப்படுகிறான், அதனால் புலம்புகிறான். ஊர் அவனைக் கொண்டாட ஆரம்பித்ததும் புலம்பல் நின்றுபோகிறது. அவனுக்குத் தேவைப்பட்டது சுதந்திரம் இல்லை, சேர்த்துக்கொள்ளுதல். அவன் நண்பன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு எல்லாமே கிடைத்திருந்தும் போதவில்லை. உங்கள் 702 இதில் யார்? ஒரு சோதனை: நடுப்பக்கத்தில், 40-ஆம் பக்கம் வாக்கில், அரசு அவனுக்குப் பதவியும் ஜன்னல் வைத்த அறையும் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் அவன் ஜாடியை எடுக்கிறானா? எடுத்தால்தான் அந்தத் தாகம் அவனுடையது.

ஒருமையால் மக்களுக்குக் கிடைக்கும் லாபத்தையும் எழுதுங்கள், சுருக்கமாகவாவது. பக்கத்தில் ஒருவர் எப்போதும் தண்ணீர் ஊற்றுகிற வாழ்க்கை தனிமைப்பட்டவனுக்குச் சொர்க்கம். அப்படி ஒருத்தர் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும், அவர் முட்டாளாக இருக்கக் கூடாது.

ஒற்றுப்பிழை பதில்:

இரண்டு பேரும் காட்சியைப் பார்த்தார்கள், நான் வாக்கியத்தைப் பார்க்கிறேன். கட்டாய ஒருமையை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் விளக்கப் பக்கங்கள் தானாக உதிரும். அமெரிக்க எழுத்தாளர் வானகட்டின் 1961 சிறுகதை 'Harrison Bergeron' நல்ல உதாரணம். எல்லோரும் சமம் என்று சட்டம். ஜார்ஜ் புத்திசாலி என்பதால் காதில் ஒரு கருவி, 20 வினாடிக்கு ஒரு முறை இரைச்சல். கழுத்தில் 47 பவுண்டு ஈயக் குண்டுப் பை, ஏறக்குறைய 21 கிலோ. பையைவிட இரைச்சல்தான் பெரிய வேலை செய்கிறது: ஜார்ஜ் எதையாவது யோசிக்க ஆரம்பித்தால் சத்தம் வந்து வெட்டுகிறது, உரையாடல் பாதியில் அறுகிறது. விதி வாக்கியத்தின் நீளத்தில் இருக்கிறது.

தமிழில் இதற்கு நம்மிடம் இருக்கும் கருவிகள் வேறு மொழிக்காரர்களுக்குப் பொறாமை வர வைக்கும். எண்களை எடுங்கள். "702 வந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பதிவேட்டில் அது "702 வந்தது" என்று இருக்கட்டும். 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் முதல் வரியிலேயே போட்ட கோட்டை ஒரு 'து' அழித்துவிடும். அதிகாரி நியாயமும் வைத்திருப்பார்: "குழந்தை அழுதது என்று சொல்வதில்லையா? அரசுக்கு எல்லோரும் குழந்தைகள்." கதைசொல்லியும் முதல் அத்தியாயம் முழுக்க 'வந்தது, குடித்தது' என்றே எழுதி, 688 ஜாடியைப் பிடுங்கும் இடத்தில் முதன்முறையாக 'பிடுங்கினாள்' என்று நழுவினால், வாசகர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே ஒரு முறை மட்டும். அடிக்கடி செய்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

அடுத்தது நாம், நாங்கள். ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஸம்யாட்டின் நாவலின் தலைப்பைத் தமிழாக்கும்போதே 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். அரசு எப்போதும் 'நாம்' என்று பேசும், கேட்பவரையும் உள்ளே இழுத்துப்போட. எழுவாயை விட்டுவிட்டால் 'உழைக்கிறோம்' என்பதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியவே தெரியாது. நூறு பக்கம் அப்படியே ஓட்டலாம். 702 விசாரணையில் அதிகாரியைப் பார்த்து "நாங்கள்" என்று சொன்ன நொடியில் அதிகாரி வெளியே போய்விட்டார். கலகத்துக்குத் துப்பாக்கி வேண்டாம், 'கள்' விகுதி போதும்.

ஒரு எச்சரிக்கை: எண்ணுக்கு வேற்றுமை உருபு சேர்ந்தால் கண்ணை உறுத்தும். 702-ஐ, 702-க்கு, 702-உடன். 80 பக்கத்தில் இது 500 முறை வரும். இரண்டு இலக்கமாகக் குறையுங்கள், இல்லையென்றால் குட்டைப் பெயராக மாற்றுங்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ என்று இரண்டெழுத்தாகவே பெயர்கள் இருக்கும். வாயில் நுழைகிறது, உருபும் ஒட்டுகிறது, ஆனாலும் அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

கரிக்கோல் பதில்:

எல்லோருக்கும் நன்றி. காவலர்களை எடுத்துவிட்டேன், விதிப் பக்கங்கள் 15-லிருந்து 4 ஆகிவிட்டன. ஒற்றுப்பிழை சொன்ன வழியிலேயே ஒரு யோசனை. தானே ஊற்றக் கூடாது என்பதுதானே விதி? அப்படியானால் 'ஊற்றிக்கொள்', 'எடுத்துக்கொள்', 'படித்துக்கொள்' எதுவும் அங்கே இருக்கக் கூடாது. தனக்காகச் செய்வதைக் குறிக்கும் 'கொள்' துணைவினையையே அரசு தடை செய்துவிட்டது என்று வைக்கலாமா? ஆர்வெல் நாவலின் பின்னிணைப்பில் ஒரு சொல்லின் பொருளை வெட்டுவது மாதிரி. ஆங்கில 'free'-க்குச் சுதந்திரமான, இல்லாத என்று இரண்டு பொருள்; நாய்க்குப் பேன் இல்லை என்பது மாதிரிச் சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று வருமே.

ஒற்றுப்பிழை பதில்:

வைக்கலாம், ஆனால் கை வைத்ததும் எவ்வளவு பெயர்ந்து வரும் என்று பார்த்துவிட்டு வையுங்கள். 'ஒப்புக்கொள்' போய்விடும், வாக்குமூலம் வாங்க முடியாது. 'ஏற்றுக்கொள்', 'நடந்துகொள்', 'கற்றுக்கொள்' எல்லாம் போகும். 'பேசிக்கொண்டிருந்தாள்' என்பதில் வருவதும் அதே கொள்தான், அது தொடர்ச்சியைக் காட்டுவது. அதையும் சேர்த்துத் தடுத்தால் ஊரில் யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவே முடியாது, செய்து முடிக்கத்தான் முடியும். (அது மோசமில்லை, யோசியுங்கள்.) தனக்காக என்ற பொருளில் வருவதை மட்டும் தடுத்தால், எது தனக்காக, எது இல்லை என்று பிரிக்க ஒரு அலுவலகம் வேண்டும். 702-க்கு வேலை அங்கே கொடுங்கள்.

மேசைவிளக்கு பதில்:

தடை அறிவிப்பையும் அவனே எழுதட்டும். "இனி இவ்வினையைத் தவிர்க்குமாறு பொதுமக்கள் கேட்டுக்..." என்று வந்ததும் அவன் பேனா நிற்க வேண்டும்.