கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறது பாவமா? வீட்ல ஒரே பஞ்சாயத்து

பாளை_மருமகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பொறந்தது சிஎஸ்ஐ, வாக்கப்பட்டு வந்தது பெந்தெகொஸ்தே வீடு. எங்க அம்மா வீட்ல டிசம்பர் பொறந்தாலே ஸ்டார், குடில், கேரல் ரவுண்ட்ஸ்னு அமர்க்களமா இருக்கும், சவுக்குக் கிளைய வெட்டிட்டு வந்து பக்கெட்ல மண்ணு போட்டு நட்டு பஞ்ச பிச்சு பிச்சு ஒட்டுவோம். இங்க அதெல்லாம் கிடையாது, சரி அவங்க பழக்கம்னு நானும் விட்டுட்டேன். இப்ப பையன் யூகேஜி, ஸ்கூல்ல பாத்துட்டு வந்து மரம் வேணும்னு ஒரே அழுகை. அத்தை உடனே பைபிள்ல எரேமியா 10 எடுத்து வாசிச்சிட்டாங்க, காட்டுல மரத்த வெட்டி வெள்ளி பொன்னு வச்சு அலங்கரிச்சு ஆடாம ஆணி அடிக்கிறாங்கன்னு வருது, கேக்க அப்படியே கிறிஸ்துமஸ் மரம் மாதிரிதான் இருக்கு. டிசம்பர் 25ஏ ரோமாக்காரங்க சூரியனுக்கு வச்ச பண்டிகைன்னு வேற சொல்றாங்க. என் வீட்டுக்காரர் ரெண்டு பக்கமும் தலையாட்டுறார். தெரிஞ்சவங்க கோவப்படாம சொல்லுங்க.

சீயோன்_பயணி:
சிஸ்டர், உங்க அத்தை சொல்றதுதான் சரி. புறஜாதி வழக்கத்துக்கு பேர மாத்தி வச்சா அது பரிசுத்தமாயிடுமா? இத நாங்க மட்டும் சொல்லல. இங்கிலாந்துல பியூரிட்டன்கள்னு ரொம்பக் கறாரான புராட்டஸ்டன்ட் கூட்டத்தோட கை ஓங்கினப்போ 1647ல பாராளுமன்றமே கிறிஸ்துமஸ ரத்து பண்ணுச்சு, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1659ல சட்டமே போட்டாங்க, அன்னிக்கு வேலைக்குப் போகாம விருந்து கிருந்துன்னு கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்துல 1958 வரைக்கும் அரசு விடுமுறையே கிடையாது. வேதத்துல பிறந்தநாள் கொண்டாடுனது யாருன்னு பாருங்க, பார்வோனும் ஏரோதும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
தம்பி, அந்த 1647லயே கேன்டர்பரி ஊர்ல கிறிஸ்துமஸ் அன்னிக்கு கடைய தொறந்து வைக்கணும்னு சொன்னதுக்கு ஜனங்க கலவரம் பண்ணாங்க, மாசசூசெட்ஸ் சட்டமும் 1681ல போயிடுச்சு, அதையும் சேத்துச் சொல்லணும்ல.

பாளைம்மா, எரேமியா 10ல அடுத்த வசனத்தையும் வாசிங்க. அது பேசாது, நடக்காது, தூக்கிட்டுத்தான் போகணும்னு வரும். தச்சன் செதுக்குற விக்கிரகத்தத்தான் சொல்றார். உங்க பையன் சவுக்குக் கெளைக்கு முழங்கால் போடப் போறதில்ல. மரம் வந்த கதையும் ரொம்பப் பழசு இல்ல. 1605ல ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல வீட்டுக்குள்ள மரம் வச்சு பேப்பர் ரோஜா, ஆப்பிள், இனிப்பெல்லாம் தொங்கவிட்டதா ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். அப்ப அது லுத்தரன் ஊரு, அதாவது மார்ட்டின் லூதர் வழி புராட்டஸ்டன்ட் ஊரு. அந்த ஊர் இறையியல் பேராசிரியர் டான்ஹவரே ஒரு நாப்பது வருஷம் போல கழிச்சு இத சின்னப்புள்ள விளையாட்டுன்னு கடிஞ்சுக்கிட்டார், ஆக இந்தப் பஞ்சாயத்து மரத்தோட கூடவேதான் வளந்திருக்கு.

தேதி சமாச்சாரம் அவ்வளவு லேசா முடியாது. 354ல ரோம்ல தொகுத்த ஒரு காலண்டர்ல டிசம்பர் 25க்கு ஒரு பட்டியல்ல 'வெல்லமுடியாதவன்' பிறந்தநாள்னு, அதாவது சூரியனோடதுன்னு இருக்கு, இன்னொரு பட்டியல்ல கிறிஸ்து பிறப்புன்னு இருக்கு. யாரப் பாத்து யாரு எடுத்தான்னு படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்க, மார்ச் 25ல மரியாள் கர்ப்பம் தரிச்சதா வச்சு ஒம்பது மாசம் கூட்டுனதுதான்னு ஒரு கட்சி இருக்கு. ஆனா உங்க அத்தையோட பயம் ஆதாரமில்லாதது இல்லம்மா. 5ம் நூற்றாண்டுல போப் லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்துல திட்டுறார், பேதுரு ஆலயப் படிக்கட்டுல ஏறி, கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி திரும்பி நின்னு உதிக்கிற சூரியனுக்குக் குனிஞ்சு கும்பிடுறீங்களேன்னு. அப்படி நெஜமாவே நடந்திருக்கு.

நாகர்கோவில்_அக்கா:
மரத்துக்கே இப்படின்னா தாலிக்கு என்ன சொல்லுவீங்க? நான் ஆர்சி, ரோமன் கத்தோலிக், என் தாலியில சிலுவை இருக்கு. ஆனா 1704ல பாண்டிச்சேரியில டூர்னோன்னு போப் அனுப்பின தூதர் வந்து, பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, கல்யாணத்துல தேங்கா ஒடச்சு சகுனம் பாக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டார். நம்மாளுங்க தாலிய விடல, மேல இருக்குற உருவத்த மாத்திக்கிட்டாங்க, அம்புட்டுதான். எங்க கோயில்ல பொங்கலன்னிக்கு பானை வச்சு பொங்குறோம், சாமியாரே வந்து மந்திரிச்சுட்டுப் போறார். சூரியனுக்கா பொங்குறோம், வெளஞ்சதுக்கு நன்றி சொல்றோம். புள்ள ஆசப்படுறான், வச்சுக் குடுத்துட்டுப் போங்க.

சீயோன்_பயணி:
அக்கா, எங்க சபையில தாலியே கிடையாது. நகையும் கிடையாது.

நாகர்கோவில்_அக்கா:
அப்ப நீங்க பேசலாம் தம்பி, உங்ககிட்ட சண்டைக்கு வரல 😀 தாலி போட்டுக்கிட்டு மரத்துக்கு மட்டும் வசனம் எடுக்குறவங்களத்தான் சொன்னேன்.

பாளை_மருமகள்:
அத்தையும் தாலி போடல, அந்தப் பக்கம் போனா எனக்குத்தான் அடி விழும், கல்யாணத்துல எங்க அம்மா வற்புறுத்தி எனக்குப் போட்டுவிட்டதே பெரிய கதை. வாத்தியார் சார் சொன்ன அடுத்த வசனத்த ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் மெதுவா வாசிச்சுக் காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம், மரம் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம், வேணும்னா வாசல்ல ஒரு ஸ்டார் மாட்டிக்கோ, இயேசு பொறந்தப்போ கிழக்கேருந்து வந்த சாஸ்திரிகள் பாத்த நட்சத்திரம்தானேன்னாங்க. பையனுக்கு அதுவே போதும், இப்பவே கடைக்குக் கிளம்பியாச்சு. ஸ்டாருக்கு எதிரா வசனம் எதுவும் இல்லையே?

சீயோன்_பயணி:
ஆமோஸ் 5:26 பாருங்க சிஸ்டர், நட்சத்திரத்த விக்கிரகமா வச்சதக் கண்டிச்சிருக்கு.

நாகர்கோவில்_அக்கா:
யப்பா, கடைய விட்டு வெளிய வர்ற வரைக்குமாவது சும்மா இருக்கக்கூடாதா.