ஷோ காஸ் லெட்டருக்கு நான் எழுதுன ஒரு வரி

வணக்கம் மக்களே. இங்கிலீஷ்ல காரணம் எழுதப் போயி மாட்டிக்கிட்டவங்க கீழ சொல்லுங்க, முதல்ல என் கதை.

கோலாலம்பூர்ல செந்தூல்லேர்ந்து செகாம்புட்ல ஒரு வேர்ஹவுஸுக்கு வேலைக்கு போயிட்டிருந்த நேரம். அம்மாவுக்கு திடீர்னு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரில சேத்துட்டோம், மூனு நாள் வார்டு வாசல்லயே கெடந்தேன், சூப்பர்வைசருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதோட சரி. நாலாவது நாள் போனா மேசை மேல ஷோ காஸ் லெட்டர், ஏன் வரலன்னு எழுத்துல காரணம் கேக்கற கடிதம். மலேசியாவோட வேலைச் சட்டம், எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1955, பிரிவு 15(2) படி லீவு வாங்காம தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல வரலன்னா ஒப்பந்தத்த நாமளே முறிச்ச மாதிரி. நியாயமான காரணம் இருந்து, அத முடிஞ்ச சீக்கிரம் சொல்லியோ சொல்லப் பாத்தோ இருந்தாதான் தப்பிக்கலாம். ஆக என் வேலையே அந்த காரணத்த எழுதறதுலதான் தொங்குது.

ராத்திரி உக்காந்து எழுதுனேன். மனசுல இருந்தது "நான் வராம இருந்தது சோம்பேறித்தனத்தால இல்ல". பேப்பர்ல வந்தது "ஐ டிட் நாட் கம் டு வொர்க் பிகாஸ் ஐ வாஸ் லேஸி".

எச்.ஆர்.ல நம்மாளு ஒரு அக்கா. படிச்சிட்டு கதவ சாத்திட்டு கேட்டாங்க, "தம்பி, சோம்பேறித்தனமா இருந்துச்சு அதனால வரலன்னு நீங்களே கையெழுத்து போட்டு குடுத்திருக்கீங்க, இது ஃபைலுக்கு போனா என்ன ஆகும் தெரியுமா?" எனக்கு கை சில்லுன்னு ஆயிருச்சு. தமிழ்ல ரெண்டு எடத்துல மறுப்பு இருக்கு, 'வராம'ன்னு ஒன்னு, 'இல்ல'ன்னு ஒன்னு. நான் போட்டது ஒரே ஒரு 'நாட்', அது 'கம்' கூட ஒட்டிக்கிச்சு, காரணத்த மறுக்க எதுவுமே மிச்சமில்ல. அக்கா பென்சில்ல எழுதிக் காட்டுனாங்க, "மை ஆப்சென்ஸ் வாஸ் நாட் டியூ டு லேஸினஸ். ஐ வாஸ் ஆப்சென்ட் பிகாஸ் மை மதர் வாஸ் இன் ஹாஸ்பிடல்." அந்த பழைய பேப்பர அவங்க என் கையிலயே திருப்பிக் குடுத்தத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

*

அண்ணே படிக்கவே பதறுது, அம்மா இப்ப எப்படி இருக்காங்க? நான் பட்டர்வொர்த்ல டியூஷன் எடுக்கறேன், ஃபார்ம் 5 பசங்க, எஸ்.பி.எம். பரீட்சையோட இங்கிலீஷ் பேப்பர் 1119க்கு. கட்டுரைக்கு கட்டுரை "பிகாஸ் ஆஃப் இட் வாஸ் ரெய்னிங்"தான். முன்னெல்லாம் திட்டிருவேன், அப்புறம் யோசிச்சுப் பாத்தா பசங்க மேல தப்பே இல்லண்ணே. 'மழையால'ன்னாலும் 'மழை பேஞ்சதால'ன்னாலும் நமக்கு அதே 'ஆல'தான். மலாய்லயும் மழையாலன்னா 'கெரானா ஹுஜான்', எனக்கு ஒடம்பு சரியில்லாததாலன்னா 'கெரானா சாயா சாக்கிட்', ரெண்டுக்கும் ஒரே கெரானா. வீட்டுலயும் இல்லாத ஸ்கூல்லயும் இல்லாத வித்தியாசம் இங்கிலீஷ்ல மட்டும் எப்படி கண்ணுக்குத் தெரியும்? அதான் இப்ப தமிழ்லேர்ந்தே ஆரம்பிக்கறேன். 'ஆல'க்கு முன்னாடி பேஞ்சது, வந்தது, விழுந்ததுன்னு வினை ஒளிஞ்சிருந்தா வெறும் பிகாஸ், யாரு என்ன பண்ணாங்கன்னு முழு வாக்கியமா வரணும். வெறும் பேர்ச்சொல்லா இருந்தா பிகாஸ் ஆஃப். போன வாரம் ஒரு பொண்ணு 'அம்மா திட்டுனதால'ன்னு முணுமுணுத்துட்டு, தான் எழுதுன 'ஆஃப்'ப அழிரப்பர் எடுத்து அழிச்சா பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

*

பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி டெக்னிஷியன் நான். எனக்கு வினையா வந்தது 'சின்ஸ்'. ரிப்போர்ட்ல "சின்ஸ் டே ஷிஃப்ட் சேஞ்ச்ட் த சென்சார், த மெஷின் இஸ் ஸ்டாப்பிங்"னு போட்டேன், மாத்துனதுலேர்ந்து அடிக்கடி நிக்குதுன்னு நேரத்ததான் சொன்னேன். காலைல மீட்டிங்ல அத மாத்துனதாலதான் நிக்குதுன்னு படிச்சிட்டாங்க, ரெண்டு அர்த்தமும் அந்த ஒரே சொல்லுக்கு இருக்கே. பாவம் டே ஷிஃப்ட் பையன எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு கேட்டாங்க, கடைசில பாத்தா கன்வேயர் பெல்ட்டு தளர்ந்திருந்துச்சு. கேன்டீன்ல தேடிப் போயி அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்பல்லாம் 'ஆஃப்டர்'னு போட்டு மணிய எழுதிடறேன், காரணம் கையில பிடிபட்டாதான் 'பிகாஸ்'.

*

அம்மா நல்லாருக்காங்க தங்கச்சி, தைப்பூசத்துக்கு பத்துமலை வரைக்கும் வந்தாங்க. 'ஆல' கணக்க இன்னைக்கே மகளுக்கு சொல்லிக் குடுக்கறேன். 'டியூ டு'க்கும் அதே கணக்குதானா?

*

அதேதாண்ணே, பின்னாடி பேர்ச்சொல் மட்டும். உங்க அக்கா எழுதிக் குடுத்த 'லேஸினஸ்' மாதிரி.