பதிவில்லாமல் பிரேஸ் பொருத்துகிறவர்கள்: கொழும்பில் யாரிடம் முறைப்பாடு செய்வது?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசி

ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள மருத்துவ உபகரணக் கடைகள் சில இப்போது விற்பனையோடு நிற்பதில்லை. காலுக்கு ஏஎப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சாதனம்), முதுகுக்கு பிரேஸ் என்று பிளாஸ்டரில் அச்செடுத்துச் செய்தும் கொடுக்கிறார்கள். என்ன படிப்பு, என்ன பதிவு என்று கேட்டால், "கனகாலமா செய்யிறம்" என்பதுதான் பதில். முறைப்பாடு எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டுகிறது. மாட்டுப்படுவது பக்கவாத நோயாளர்களும் பிள்ளைகளும். பிழையான ஏஎப்ஓவை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே, எப்படி எழுதினால் விஷயம் அசையும்?

பதில்: பட்டறைக்காரன்

அச்செடுக்கும்போதே பாதி தெரிந்துவிடும். முறையாகப் படித்தவர் முதலில் முழங்காலை மடக்கியும் நீட்டியும் கணுக்கால் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்ப்பார். பிறகு எலும்பு துருத்தும் இடங்களை அழியாத பென்சிலால் குறிப்பார்: கணுக்காலின் இரு பக்கம், பாதத்தின் உள்வளைவுக்கு மேலுள்ள எலும்பு, சின்னவிரல் பக்க எலும்பின் அடி. அந்தக் குறி ஈரப் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு அச்சுக்குள் போகும். அந்த இடங்களில் 3 முதல் 5 மில்லிமீற்றர் பிளாஸ்டர் கூட்டிவிட்டுத்தான் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுப்பார்கள். பென்சிலையே எடுக்காதவர் எங்கே கூட்டுவார்? அந்த ஏஎப்ஓ எலும்பிலேயே உரசும்.

அடுத்தது கணுக்கால் கோணம். கால் தொங்கியபடி இருக்க அச்செடுத்தால் பாதம் கீழ்நோக்கியே உறைந்துவிடும். நடக்கும்போது ஒன்றில் குதி நிலத்தில் படாது, அல்லது முழங்கால் பின்பக்கம் தள்ளும்.

எனக்கு மிகவும் பயம் தருவது மேல்விளிம்புதான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு எலும்புக் குமிழ் விரலில் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில், பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. விளிம்பு அந்தக் குமிழுக்கு 2 சென்ரிமீற்றராவது கீழே நிற்கவேண்டும். நரம்பை அழுத்தினால், பாதம் விழாமல் இருக்கப் போட்ட சாதனமே பாதத்தை விழவைக்கும். கால் நீளம் பார்க்காமல் ஒரே உயரத்தில் வெட்டிக் கொடுக்கும் இடங்களில் இதுதான் நடக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை: பருத்திக் காலுறையோடு அரை மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். சிவந்த இடம் 20, 30 நிமிடத்தில் மறையவேண்டும். மறையாவிட்டால் திரும்பப் போடவேண்டாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த காலென்றால் நோவை நம்பவே முடியாது, கண்ணால்தான் பார்க்கவேண்டும். கொதிநீரில் போட்டு நீங்களே வளைக்க வேண்டாம்.

பதில்: சட்டக்குறிப்பு

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுவதால்தான் அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகிறது. ஆள், இடம், பொருள் என்று மூன்றாகப் பிரியுங்கள்.

ஆள்: இலங்கை மருத்துவ சபை. "இன்ன பெயருடையவர் உங்கள் பதிவில் இருக்கிறாரா, எந்தப் பிரிவில்?" என்று ஒரே கேள்வி. றாகமவில் இத்துறைக்கென்றே டிப்ளோமாப் பாடசாலை இருக்கிறது. அங்கே படித்தவர் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார்.

இடம்: 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுசெய்யவேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை அதைப் பார்க்கிறது. வியாபாரப் பதிவு மட்டும் வைத்திருப்பவர் "இது கடைதானே" என்று நழுவுகிற ஓட்டை இங்கேதான். ஆகவே அச்செடுப்பு, பொருத்துதல், மறுபரிசோதனை எல்லாம் அங்கேயே நடக்கின்றன என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

பொருள்: மருத்துவ சாதனங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்குள் வருகின்றன. காசு திரும்பக் கேட்பதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். "திருத்தித் தாறம், அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிப்பவர்களிடம் பலர் இந்தக் காலக்கெடுவைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். "எனது முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. சட்டம் இல்லாமல் இல்லை, அதை நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை. எழுத்தில் பதில் சொல்லவேண்டி வந்தால்தான் கோப்பு மேசையை விட்டு நகரும்.

பதில்: மருதானை அக்கா

ஒரு விஷயம். மணிக்கட்டுப் பட்டி, முழங்கால் பெல்ட் போன்ற ஆயத்தச் சாமான்களை விற்கிற எல்லாக் கடைகளையும் இதற்குள் இழுக்கவேண்டாம். அச்செடுத்துச் செய்பவற்றில் நில்லுங்கள், முறைப்பாடு பலமாக இருக்கும். வளரும் பிள்ளையின் முதுகுவளைவு பிரேஸ் என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். பிரேஸோடு எக்ஸ்ரே எடுத்து வளைவு குறைந்திருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கவில்லையென்றால், பிள்ளை வெறும் பிளாஸ்டிக்கைச் சுமக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசி

பில்லில் "சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தால்?

சட்டக்குறிப்பு

முற்பணம் கொடுக்கும்போதே "அச்செடுத்து ஏஎப்ஓ செய்து பொருத்துவதற்கு" என்று எழுதுவியுங்கள். எழுத மறுத்தால் பணத்தைக் கொடுக்கவேண்டாம். ஏற்கெனவே கொடுத்தாயிற்றென்றால், அளவெடுத்த நாள் பற்றிய வட்ஸ்அப் செய்திகள், விளம்பரப் பலகையின் படம், தோல் சிவந்த படம் நாளோடு, வைத்தியரின் குறிப்பு. சாதனத்தைத் திருத்தக் கொடுக்குமுன் நாலு பக்கமும் அளவுநாடா வைத்துப் படமெடுங்கள். திருப்பிக் கொடுத்த பிறகு அந்த விளிம்பு எங்கே இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.