மறுமொழி: "பழுதான பாகம்" சரிதானா?

அன்பின் நண்பர்களுக்கு,

'defective part' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று போகும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மட்டக்களப்பு கல்லடியில் டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான்; சொல்லாக்கம் என் தொழில் இல்லை. ஆனால் நேற்று இரவு வந்த மொழிபெயர்ப்பில் இந்த வரியைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை:

> அணுமின் நிலையங்களின் அவசர மின்பிறப்பாக்கிகளில் பழுதான எஞ்சின் பாகங்கள் இருப்பதாக வழங்குநர் அறிவித்துள்ளார்.

'மின்பிறப்பாக்கி' பற்றிச் சண்டை வேண்டாம். தமிழ்நாட்டு நண்பர்கள் மின்னாக்கி என்கிறார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் மின்பிறப்பாக்கி என்று படித்தோம், கடைக்குப் போனால் இரண்டு தரப்பும் ஜெனரேற்றர்தான் கேட்கிறோம். எனக்கு இடிப்பது 'பழுதான' என்ற சொல்.

மீன் பழுதாகும். வைத்த கறி பழுதாகும். பல் பழுதாகும். எல்லாமே ஒரு காலத்தில் நன்றாக இருந்தவை. இந்த அறிவிப்பு சொல்லும் பாகமோ ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்காற்று ஆணைக்குழுவின் விதிப்படி, தான் விற்ற பாகத்தில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருக்கிறது என்று தெரிய வந்தால் வழங்குநர் அதை அறிவித்தே ஆகவேண்டும். மெசின் நின்றுபோயிருக்க வேண்டும் என்றில்லை. இன்றைக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கும் அந்த அறிவிப்பு பொருந்தும். அதைப் 'பழுதான' என்று எழுதினால், வாசிக்கிறவர் எஞ்சின் உடைந்து கிடக்கிறது என்றுதான் நினைப்பார்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாட்களில் நம் கரையோரத்து ஐஸ் ஆலை ஒன்றில் இரண்டு ஜெனரேற்றர் நின்றன. ஒன்று ஓட, மற்றது காத்திருக்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே கொள்கலனில் வந்து இறங்கியவை. கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் சுமை இல்லாமல் ஓட்டிப் பார்த்து, கொப்பியில் சரி போட்டு வந்தார்கள். ஒரு நாள் இரவு முதலாவது முக்கால் மணித்தியாலத்தில் சூடேறி நின்றது. இரண்டாவதைத் தட்டினார்கள். அதுவும் ஏறக்குறைய அதே நேரம் ஓடி, அதே மாதிரி நின்றது. என்னைக் கூப்பிட்டபோது ஐஸ் கட்டிகள் தண்ணீராகத் தொடங்கிவிட்டன. வள்ளங்கள் விடியப்புறம் வந்துவிடும்.

தண்ணீர் மட்டம் சரி, பெல்ற் சரி. தண்ணீர் பம்பைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. தண்டில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ஏதோ தோன்றி, தேநீருக்குக் கொதிக்க வைத்திருந்த கேத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுத் துணியால் பிடித்துத் திருகினேன். தண்டு அசையவில்லை, இம்பெல்லர் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. துளையை மயிரிழை அளவு பெரிதாகக் கடைந்துவிட்டிருக்கிறார்கள். குளிரில் பிடிக்கும், சூட்டில் அலுமினிய இம்பெல்லர் உருக்குத் தண்டைவிடக் கூட விரிவதால் பிடி விட்டுப்போகும். பத்து நிமிட ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. மற்ற பம்பும் அச்சொட்டாக அப்படியேதான்.

சரி, இந்த இம்பெல்லர் பழுதானது எப்போது? அது பழுதாகவே இல்லை. செய்த அன்றைக்கே அப்படித்தான் இருந்தது.

இழையில் வந்த மாற்றுச் சொற்களைப் பார்ப்போம்.

> ஊனமுற்ற பாகம், பிறவிக்குறைப் பாகம்

இரண்டும் வேண்டாம். மனிதரைக் குறிக்கவே இப்போது இந்தச் சொற்களைத் தவிர்க்கிறோம். அதைக் கொண்டுபோய் ஒரு வால்வுக்கு ஏன் சூட்டவேண்டும்?

> பதர்ப் பாகம்

சம்மாந்துறையில் இருந்து நம் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எழுதியது. வாசித்துச் சிரித்துவிட்டேன், பிறகு அரை நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே நெல்மணி போலவே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. வயல்காரன் வாயில் இருந்துதான் இப்படி ஒரு சொல் வரும். ஆனால் காக்கா, பதரைத் தூற்றினால் காற்று கொண்டுபோய்விடும். என் இம்பெல்லரை எந்தக் காற்றில் தூற்றுவது? நல்லதும் கெட்டதும் ஒரே நிறை. பட்டறைப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொள்கிறேன், ஆவணத்துக்குச் சரிவராது.

> உள்ளார்ந்த குறைபாடுடைய உதிரிப்பாகம்

பிழை இல்லை, ஆனால் ஒரு பந்தியில் நாலு தடவை எழுதிப் பாருங்கள்.

நான் சொல்வது 'ஆக்கக்குறை'. ஆக்கும்போதே சேர்ந்துவிட்ட குறை. கடைச்சலில் வந்ததோ, வார்ப்பில் வந்ததோ, கணக்குப் போட்டவரின் தாளில் இருந்தே வந்ததோ, எல்லாம் அதற்குள் அடங்கும். 'பழுது' என்பதைப் பாவனையில் வந்த கேட்டுக்கு விட்டுவிடுவோம். இயங்கவேண்டிய நேரத்தில் இயங்காமல் போவதற்கு 'முடக்கம்'. இந்த மூன்றையும் குழப்பக்கூடாது. 1990 இல் அமெரிக்காவின் வோக்டில் அணுமின் நிலையத்தில் ஒரு லொறி பின்னால் வந்து மின்கம்பத்தில் இடித்து வெளி மின்சாரம் போனது. ஒரு டீசல் ஜெனரேற்றர் ஏற்கெனவே பராமரிப்புக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. மற்றது தொடங்கி, உடனே நின்றது. குளிர்நீர் சூடேறிவிட்டது என்று வெப்ப உணரிகள் பொய் சொன்னதுதான் காரணம். 36 நிமிடம் அந்த அலகுக்கு முக்கிய மின்சாரம் இல்லை. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை, ஆனால் முடக்கம் முடக்கம்தான்.

அணு உலைக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று கேட்டிருந்த தம்பிக்கு: உலையை நிறுத்தினாலும் அடுப்பு அணையாது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் நூற்றுக்கு 6, 7 வீதம் மிஞ்சும். 1000 மெகாவாட் மின் தரும் உலை என்றால் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம். ஒரு நாள் கழிந்தும் அரை வீதம் அளவில் இருக்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடவேண்டும், தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும். அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று டீசல் வைக்கிறார்கள்.

அந்த இரண்டும் மூன்றும் ஒரே ஆக்கக்குறையோடு வந்தால்? ஒரே காரணத்தால் எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். இழையில் இதற்கு வந்த சொல் 'பொதுக்காரணத் தோல்வி' (common-cause failure). தோல்வி எலெக்சனிலும் கிரிக்கெட்டிலும் வருவது; ஜெனரேற்றர் எங்கே போட்டியிட்டது? முதலில் நான் 'உடன்முடக்கம்' என்று எழுதி வைத்தேன், உடன்பிறப்பு மாதிரி. வீட்டில் வாசித்துக் காட்டினால், "உடன் மீன் மாதிரியா? அப்பவே நிண்டுபோறதா?" என்று கேள்வி. நம் பக்கத்துக் காதுக்கு 'உடன்' என்றால் அந்தக் கணத்தில். அடித்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது 'ஒருவேர் முடக்கம்'. வேர் ஒன்று, கிளைகள் எல்லாம் சாய்கின்றன.

பொருத்திப் பார்த்தேன். 1983 ஆகஸ்ட், ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் வேறு கவலையில் இருந்த மாதம். நியூயோர்க் பக்கம் ஷோரம் நிலையத்தில் சோதனை ஓட்டத்தின்போது மூன்று டீசல்களில் ஒன்றின் கிராங்சாப்ற் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) முறிந்தது. மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அவற்றிலும் வெடிப்பு. தண்டின் வடிவமைப்பே அந்தச் சுமைக்குப் போதாது. பின்பு தடித்த தண்டுகளை மாற்றிப் போட்டார்கள். ஆக்கக்குறையால் வந்த ஒருவேர் விவகாரம். 2011 புகுஷிமா டைச்சியில் 13 அவசர டீசல்கள் இருந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு (மேடையில் அப்படித்தான் சொல்கிறோம், வீட்டில் சுனாமிதான்) மின் கொடுத்தது ஒன்றே ஒன்று, ஆறாம் அலகில் இருந்த காற்றால் குளிரும் எஞ்சின். அங்கே ஆக்கக்குறை இல்லை; வேர் கடல்தண்ணீர். ஆக, இந்த இரண்டு சொல்லும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக நிற்கின்றன. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் மொழிபெயர்ப்பு வரி இப்படி வரும்:

"அணுமின் நிலையங்களின் அவசர மின்பிறப்பாக்கிகளில் ஆக்கக்குறை உள்ள எஞ்சின் பாகங்கள் பொருத்தப்பட்டிருப்பதாக வழங்குநர் அறிவித்துள்ளார்."

இலக்கணம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. 'ஒருவேர்முடக்கம்' என்று சேர்த்து எழுதுவதா, பிரிப்பதா? சேர்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. பயிற்சிப் பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை போட்டோகொப்பிக்குப் போகிறது, ஞாயிறு இரவுக்குள் யாராவது சொல்லுங்கள். காக்கா, பதருக்காகக் கோபிக்கவேண்டாம். அறுவடைக்கு வரும்போது அந்த இம்பெல்லரைக் கொண்டுவந்து காட்டுகிறேன். சுடுதண்ணீர் நீங்கள் வைத்திருங்கள்.