2020 ஊரடங்கு காலத்து ஊராட்சி நோட்டுகள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். கொரோனா காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிகள் என்ன செய்தன என்று தொகுத்துவருகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

தலைவர்கள் பதவியேற்றது 2020 ஜனவரியில். மார்ச் கடைசியில் ஊரடங்கு. வேலை பழகும் முன்பே எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. ஏப்ரல் முடிவில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத பகுதியாக, இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி, அதுவும் கர்நாடக, ஆந்திர எல்லைகளை வைத்துக்கொண்டு! பெங்களூரிலிருந்து திரும்பியவர்களை எங்கே தங்கவைத்தார்கள், சோறு யார் போட்டார்கள்? தொற்று வந்ததால் தகரம் அடித்து அடைத்த தெருவுக்குப் பாலும் பிரஷர் மாத்திரையும் யார் கொண்டுபோனது? தூய்மைக் காவலர்கள் செய்ததை யாராவது எழுதிவைத்தீர்களா?

அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. பெயர் எழுதிய நோட்டு, தண்டோரா போட்ட அறிவிப்பு, தீர்மான நகல் எதுவானாலும் சரி, பழைய பேப்பர்காரரிடம் போகும் முன் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நோயாளிகள் பெயரை மறைத்துவிடுங்கள். எந்த ஊராட்சி என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.